உயர்வுக்கு விதி வகுப்பது யார்? தோட்டம், கிட்டங்கி, வங்கி: பினாங்குத் தமிழரின் மூன்று பணியமைப்புகள்

பெரிய நிதி நிறுவனம் ஒன்றில் பல்லாண்டு ஒரே பதவியில் இருப்பவரின் மனக்குறையை நிர்வாகம் பெரும்பாலும் ஊக்கக் குறைவாகவே காண்கிறது. பயிற்சி வகுப்பையும் பாராட்டுச் சான்றிதழையும் மருந்தாகத் தருகிறது. இக்கட்டுரை அந்தப் பார்வையை மறுக்கிறது. எந்த அமைப்பிலும் எல்லாரும் மேலே போக முடியாது என்பதை ஊழியர் அறிவர். உயர்வுக்கான விதி அவர்களுக்குத் தெரியாமலும் அவர்கள் பேச இடமின்றியும் இருக்கும்போதுதான் தேக்கம் கசப்பாகிறது. பினாங்கின் நிபோங் திபாலையும் ஜார்ஜ் டவுனையும் சேர்ந்த தமிழர் அறிந்த மூன்று பணியமைப்புகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

1. தோட்டம்

நிபோங் திபாலை ஒட்டிய கலிடோனியா போன்ற தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் கரும்பும் பின்னர் ரப்பரும் விளைந்தன. காலனியக் காலத் தோட்டத்தில் உழைத்தவர் பெரும்பாலும் தமிழர், ஆண்டவர் ஐரோப்பியத் துரை, இடையில் நின்றவர் கிராணி எனப்பட்ட எழுத்தர். யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இப்பணியில் மிகுந்திருந்தனர். செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு, பால் எடை, சம்பளப் பட்டியல் ஆகியவை கிராணியின் கையில் இருந்தன. புதிதாகக் கப்பலேறி வந்த சின்னத் துரையைவிடத் தோட்டத்தை நன்கறிந்தவர் பெரிய கிராணியே. ஆனால் சின்னத் துரை பெரிய துரையாவார். கிராணி கிராணியாகவே ஓய்வு பெறுவார். மலாயாத் தோட்டத் தமிழரைப் பற்றி ரவீந்திர கே. ஜெயின் 1970இல் வெளியிட்ட ஆய்வும் நிர்வாகி, ஊழியர், தொழிலாளர் என்ற அடுக்குகளின் இறுக்கத்தை விரிவாகக் காட்டுகிறது.

மலாயா விடுதலை பெற்ற 1957க்குப் பின் நிர்வாகப் பதவிகள் படிப்படியாக மலேசியர் கைக்கு வந்தன. 1981 செப்டம்பர் 7 அன்று மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நாசியோனல், லண்டன் பங்குச் சந்தையில் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரியின் கட்டுப்பாட்டையே வாங்கியது. எனினும் உடைமை கைமாறுவது ஒன்று, எழுத்தர் நிர்வாகியாகும் வழி திறப்பது வேறொன்று.

2. கிட்டங்கி

ஜார்ஜ் டவுனின் பினாங்குத் தெருவில் நகரத்தார் (செட்டியார்) நடத்திய, கிட்டங்கி எனப்பட்ட வட்டிக்கடைகளில் வேறொரு முறை இருந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் கணக்குப் பழகி அடுத்தாளாகலாம், பின் மேலாளாகலாம். பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கு. கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி, மறு கணக்குக்கு அதே கடைக்கோ வேறு கடைக்கோ போகலாம். கையில் முதல் சேர்ந்தால் பங்காளியாகலாம், தனிக்கடையும் வைக்கலாம். வேலை கற்ற காலமே மூலதனம் சேர்க்கும் காலமாகவும் அமைந்தது.

இம்முறையைப் புகழ்ந்து நிறுத்திவிட முடியாது. வாசலிலேயே அது சாதியாலும் உறவாலும் அடைபட்டிருந்தது. பெண்களுக்கு அங்கே வேலையில்லை. ஆண்டுக்கணக்கில் குடும்பங்கள் கடல் கடந்து பிரிந்திருந்தன. நிபோங் திபால் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியின் மகன் அங்கே அடுத்தாளாக வாய்ப்பில்லை. ஆயினும் உள்ளே இருந்தவருக்கு அடுத்த படி எது, எப்போது என்பது தெரிந்திருந்தது. வெளியேறும் நாளும் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

3. வங்கி

கிட்டங்கி மரபிலிருந்து நவீன வங்கியும் பிறந்தது. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அடுத்துப் பினாங்கிலும் கிளை கண்டது. 1969இல் இந்திய அரசு வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. அயல்நாட்டு அரசுகளுக்குச் சொந்தமான வங்கிகளை மலேசியச் சட்டம் ஏற்காததால், 1973இல் மூன்று இந்திய வங்கிகளின் மலேசியக் கிளைகள் யுனைடெட் ஏஷியன் வங்கியாக ஒன்றாயின.

நவீன வங்கி பள்ளிச் சான்றிதழை நுழைவுத் தகுதியாக்கியது. சாதி காத்த வாசல் திறந்தது. நெருக்கடி மேல்மாடிக்கு நகர்ந்தது. எழுத்தர் உள்ளிட்ட ஊழியருக்காக 1958இல் மலாயாவில் உருவான தேசிய வங்கி ஊழியர் சங்கம் சம்பளத்தையும் சலுகைகளையும் பேசிப் பெற்றது. ஆனால் மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 13(3) பிரிவு பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் கூட்டுப் பேரத்துக்கு அப்பால் நிறுத்தியது. பொதுப்படையான கேள்விகளை எழுப்ப இடமிருந்தாலும், இன்னாருக்கு உயர்வு என்ற முடிவு நிர்வாகத்தின் உரிமையாகவே கருதப்படுகிறது. தோட்டத்தில் நிறம் செய்ததை இங்கே சட்டம் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. கிராணிக்கு மறுக்கப்பட்டது உயர்வு, எழுத்தருக்கு மறுக்கப்படுவது உயர்வைப் பற்றிப் பேரம் பேசும் உரிமை. ஆயினும் இரு இடத்திலும் விதி ஒரு தரப்பின் கையில் மட்டுமே இருக்கிறது.

இந்தியாவில் உள்ள வங்கிகள் வேறொரு வழி கண்டன. ஊதிய விகிதத்தின் உச்சத்தைத் தொட்ட எழுத்தருக்கு, பதவி மாறாமலே குறித்த இடைவெளியில் தேக்கநிலை ஊதிய உயர்வு தரும் ஏற்பாடு இருதரப்பு ஒப்பந்தங்களில் இடம்பெற்றது. இது நியாயமான ஏற்பாடு. ஆனால் பணம் ஏறியும் பொறுப்பு ஏறாதபோது, கற்ற தொழிலறிவு பயன்படாமலே கிடக்கிறது. மனக்குறையின் பாதியே தீர்கிறது.

4. மறுப்பும் விடையும்

மேலே போகப் போக இடம் குறையும். எல்லாருக்கும் மேலாளர் பதவி தர முடியாது என்பர். உண்மை. அதனால்தான் கோரிக்கை பதவியைப் பற்றியதாக அன்றி விதியைப் பற்றியதாக இருக்க வேண்டும். காலியிடம் எத்தனை, தேர்வு அளவுகோல் எது என்பவை முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டவருக்கு எழுத்தில் காரணமும் முறையிட ஓர் இடமும் வேண்டும். ஆட்களை மேற்பார்க்காமலே தொழில் தேர்ச்சியால் உயரும் தனிப்படிகள் வேண்டும். வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ விட்டுக் கோலாலம்பூருக்குப் பெயர முடியாத நிபோங் திபால் ஊழியருக்கு, இடமாற்றத்தை மறுத்தது தகுதிக் குறைவாகக் கணக்கிடப்படக் கூடாது. இந்தச் சுமை பெண்கள்மேலேயே அதிகம் விழுகிறது.

நிர்வாகம் தேர்வு செய்யட்டும்; எந்த அளவுகோலால் என்பதைச் சங்கத்தோடு பேசி ஒப்பந்தத்தில் எழுதட்டும். அதற்கு 13(3) பிரிவு மாற வேண்டும்: தனிநபர் தேர்வு நிர்வாகத்திடம் இருக்கட்டும், தேர்வு விதி கூட்டுப் பேரத்துக்கு உட்படட்டும்.