பாறையாற்றுப் படகுச் சவாரி: பாதுகாப்பு ஒழுங்குமுறையின் வரலாறு

காற்றடைத்த ரப்பர் படகில் ஆறேழு பேர் துடுப்புப் பிடிக்க, பின்னால் அமர்ந்த வழிகாட்டி திசை சொல்ல, பாறைகளுக்கிடையே பாய்ந்திறங்கும் ஆற்றோடு போவது பாறையாற்றுப் படகுச் சவாரி. பேச்சில் ராஃப்டிங். கட்டணம் வாங்கிப் பயணிகளை இப்படி அழைத்துச் செல்லும் நிறுவனங்களை அரசுகள் கட்டுப்படுத்தத் தொடங்கிய வரலாற்றை இக்கட்டுரை சொல்கிறது.

மலேசியாவில் ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள செம்புரோங், மெங்கிபோல் ஆறுகள் தாழ்நிலத்தில் ஓடுபவை. ராஃப்டிங்குக்கு வேண்டிய சரிவு அவற்றில் இல்லை. விருப்பமுள்ளவர்கள் பேராக்கில் கோப்பெங் அருகே உள்ள கம்பார் ஆற்றுக்கோ, சிலாங்கூரின் கோலகுபு பாருவுக்கோ போக வேண்டும். சபாவின் படாஸ் ஆறு இவற்றைவிடக் கடுமையானது.

இத்தொழிலின் தொடக்கம் அமெரிக்காவில். 1938இல் நார்மன் நெவில்ஸ் கட்டணப் பயணிகளை மரப்படகுகளில் கிராண்ட் கேன்யன் வழியே கொண்டுசென்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட ரப்பர் படகுகள் மலிவாகக் கிடைக்கவே தொழில் பெருகியது. நெடுங்காலம் விதிகளைப் படகோட்டிகளே தங்களுக்குள் வகுத்துக்கொண்டார்கள். ஆற்றை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கும் முறையும், அமெரிக்கன் ஒயிட்வாட்டர் அமைப்பு 1959இல் முதன்முதலாக வெளியிட்ட பாதுகாப்பு நெறிகளும் அப்படி வந்தவை. மீறியவரைத் தண்டிக்க அவற்றுக்கு அதிகாரம் கிடையாது. மேலும், தரம் என்பது நிலையான எண் அன்று. காலையில் இரண்டாம் தரமாக இருந்த ஆறு, மலையில் பெய்த மழையால் மாலையில் நான்காம் தரமாகிவிடலாம்.

இப்படிப்பட்ட மழைதான் சுவிட்சர்லாந்தில் சட்டத்தை வரவழைத்தது. 1999 ஜூலை 27 அன்று இன்டர்லாக்கன் அருகே சாக்ஸட் ஓடையில் ஒரு நிறுவனம் பயணிகளைப் பள்ளத்தாக்கு இறக்கத்துக்கு அழைத்துச் சென்றிருந்தது. படகில்லாமல் ஓடையிலேயே நடந்தும் குதித்தும் இறங்கும் விளையாட்டு அது. மேற்பகுதியில் இடிமழை கொட்டி, திடீர் வெள்ளம் ஓடையில் பாய்ந்து வந்தது. பயணிகள் 18 பேரும் வழிகாட்டிகள் 3 பேரும் மாண்டார்கள். நிறுவனப் பொறுப்பாளர்கள் 2001இல் தண்டிக்கப்பட்டார்கள். முதலில் தன்னார்வத் தரச்சான்று ஒன்று ஏற்பட்டது. மலை வழிகாட்டிகளுக்கும் ஆபத்து மிகுந்த விளையாட்டுகளை நடத்துவோருக்குமான கூட்டாட்சிச் சட்டம் 2010 டிசம்பரில் நிறைவேறி, 2014 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ராஃப்டிங்கும் அதில் அடங்கும்; உரிமம் இன்றித் தொழில் நடத்த முடியாது. 21 உயிர்கள் போன பிறகும் ஒரு செல்வந்த நாடு பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது மிக நீண்ட தாமதம். நியூசிலாந்து ராஃப்டிங்கைக் கடல்சார் விதிகளுக்குள் கொண்டுவந்து, 81ஆம் பகுதி என்று தனியாகவே விதி வகுத்துள்ளது.

இந்தியாவில் இதன் பெரிய களம் ரிஷிகேஷ். சிவபுரி, கௌடியாலா பகுதிகளில் கங்கைக் கரை நெடுகிலும் முகாம்களும் படகு நிறுவனங்களும் பெருகின. உத்தராகண்ட் அரசு 2014இல் ராஃப்டிங், கயாக்கிங் விதிகளைக் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை ஆற்றங்கரை முகாம்களைத் தடுத்தது. படகுச் சவாரியைத் தடுக்கவில்லை. 2018 ஜூனில் மாநில உயர் நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில், தக்க சட்டமும் கொள்கையும் வரும்வரை ராஃப்டிங், பாராகிளைடிங் உள்ளிட்டவற்றை நிறுத்தி வைத்தது. கரையோர மக்களின் வருமானம் அடிபட்டது உண்மை. ஆனாலும், பயிற்சி பெறாதவர் கையில் துடுப்பைக் கொடுத்துச் சுற்றுலாப் பயணியை ஆற்றில் இறக்கும் தொழிலுக்கு அப்படியொரு அதிர்ச்சி தேவைப்பட்டது. பின்னர் விதிகள் சீரமைக்கப்பட்டுச் சவாரி மீண்டும் தொடங்கியது. மழைக்காலமான ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கங்கையில் ராஃப்டிங் கிடையாது. எந்த விதியையும்விட உயிர் காப்பது இந்த மூடல்தான். உயிர்காப்பு மேலங்கியும் தலைக்கவசமும் ஆற்றில் விழுந்தவருக்கு உதவும். பெருக்கெடுத்த ஆற்றில் படகையே இறக்காதிருந்தால் விழும் நிலையே வராது.

மலேசியாவில் ராஃப்டிங்குக்கென்று தனிக் கூட்டரசுச் சட்டம் இல்லை; பல சட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் தொடுகின்றன. 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டம் சுற்றுலா நடத்துநருக்கும் வழிகாட்டிக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்குகிறது. ஆறுகளோ மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளன. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொழிலாளர் அல்லாதவரின் பாதுகாப்பையும் முதலாளியின் கடமையாக்குகிறது. படகில் ஏறும் பயணி அதற்குள் வருவார். 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தம் அச்சட்டத்தை ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் விரித்து, இக்கடமையை மீறுவோருக்கான அபராத உச்சத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியது.

இந்த நாட்டு ஆறுகளின் பெரிய ஆபத்து, மலாயில் கெப்பாலா ஆயிர் எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. கீழே வெயில் காயும்போதே மேலிருந்து மரங்களோடும் சேற்றோடும் வந்துவிடும். 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடா, யான் வட்டாரத்தில் குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. நடத்துநரின் உரிமமும் வழிகாட்டியின் அட்டையும் இதைத் தடுக்க மாட்டா. மேல்நீரில் மழைமானி, நீர் இந்த அளவைத் தாண்டினால் படகு இறங்காது என்று எழுதிவைத்த வரம்பு, கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தாவது பயணத்தை நிறுத்த வழிகாட்டிக்கு அதிகாரம் ஆகியவை உரிமத்தின் நிபந்தனைகளாகவே இருக்க வேண்டும். இதற்கு முன்மாதிரி உண்டு: குளுவாங்கின் காஹாங் வழியாகப் போய்ச் சேரும் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகையாளருக்கு மூடப்படுவது வழக்கம். அந்த முடிவைப் பூங்கா நிர்வாகமே எடுக்கிறது. எந்தப் படகு முதலாளியின் வருமானக் கணக்குக்கும் அது விடப்படுவதில்லை.