யார் கட்டிய ஏரி?

கோடைக்கானல் ஏரியைக் கண்டு திரும்புவோர், "இயற்கை அன்னையின் எழிற்கொடை" என்று அதனைப் புகழ்வர். மலையின் மடியிலே மின்னும் நீர், கரையெங்கும் மரநிழல், நீர்மேல் தவழும் மூடுபனி; புகழத் தோன்றுவது இயல்பே. ஆனால் இயற்கை தந்தது பள்ளத்தாக்கும் ஓடைகளுந்தான். ஏரி ஆண்டவன் அருளால் தோன்றியதன்று; மனிதனின் அறிவும் உழைப்பும் கைகோத்து ஆக்கியது!

1863-ஆம் ஆண்டில், மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேயர், மூன்று ஓடைகளின் நீரைக் கரை எழுப்பித் தேக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர்ப் பரப்பில், விண்மீன் வடிவில் ஏரி பிறந்தது. தூத்துக்குடியிலிருந்து படகு கொணர்ந்தார். ஏரியில் மீன்களை விட்டார். 1867-இல் ஓய்வு பெற்ற பின்னும் மலையிலேயே தங்கி, சாலைக்கும் குடிநீருக்கும் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். ஆண்டவர் இனத்தவர் என்பதற்காக அவர் செய்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. நன்றியுடன் நினைக்கத் தக்கவரே அவர்.

வகுப்பறையில் இவ்வரலாற்றை நாம் கூறியபோது, கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "அவர் ஒருவராகவா ஐயா, மண் சுமந்தார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டச் சொன்னவரின் பெயர் ஏட்டிலே இருக்கிறது. கரைக்கு மண் சுமந்த கூடைக்காரரின் பெயர் எங்கே இருக்கிறது?

அந்த ஏரி யாருக்காக இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1845-இலேயே அமெரிக்கப் பாதிரிமார் அங்கு மனை எழுப்பினர். சமவெளியின் கொடுநோய்க்குத் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள், உயிர் காக்க மலையேறினர். அது துயரத்தில் பிறந்த தேவை. பின்னர் தேவை கேளிக்கையாக வளர்ந்தது. 1875-இல் புகைவண்டி வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து மேலே செல்ல வேண்டும். எப்படி? துரைமாரும் துரைசானிமாரும் மூங்கிலில் கட்டிய நாற்காலியில் அமர்ந்திருக்க, அவர்களைச் சுமந்தவை நம்மவர் தோள்கள்! ஒருவர் இளைப்பாறப் பலர் இளைத்தனர். 1890-இல் படகுக் கழகம் அமைந்தது. உல்லாசப் பயணிகள் தற்காலிக உறுப்பினராகிப் படகேற 1932-இல்தான் வழி பிறந்தது.

மலைச்சாலை வந்தது, பேருந்து வந்தது, விடுதலையும் வந்தது. இன்று திண்டுக்கல் தொழிலாளியும், தேனி உழவரும், மாதச் சம்பளக்காரராகிய நாமும் அதே நீரில் துடுப்புப் போடுகிறோம். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஏரிச்சாலையில் நம் குழந்தைகள் மிதிவண்டி ஓட்டி மகிழ்கின்றனர். இது சிறு மாறுதலா? உழைப்பவனுக்கும் ஓய்வு உண்டு, ஓய்விலே அழகைக் காணும் உரிமை உண்டு என்ற கொள்கை பெற்ற வெற்றியன்றோ இது!

ஆயினும், பெற்றதைப் பேணினோமா? மலையில் இயங்கிய வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவு வெளிப்பட்டு, 2001-இல் அவ்வாலை மூடப்பட்டது. அதன்பின் நடந்த ஆய்வு, ஏரி நீரிலும் மீனிலும் பாதரசம் கலந்திருக்கக் கண்டது. இலாபம் எங்கோ சென்றது. நஞ்சு நம் நீரில் தங்கியது. ஆலையை மட்டும் பழித்து நாம் தப்பிவிட முடியுமா? மலை தாங்காத அளவுக்கு ஊர்திகளை ஏற்றினோம். உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் மலையேறும் ஊர்திகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென விதிக்கும் நிலை வந்தது. அன்று சிலர் ஏற மனிதத் தோள் வருந்தியது. இன்று பலர் ஏற மலையின் தோளே வருந்துகிறது.

சுமந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று படகில் அமர்ந்திருக்கிறார்கள். அச்சிறுவனும் ஒருநாள் அங்கு செல்வான். தன் பாட்டன்மார் கட்டிய கரை இது என்று அறிந்தவன், அந்நீரிலே குப்பையை எறிவானா? எறியமாட்டான். அதனை அவனுக்கு அறிவிப்பதே வரலாறு கற்பிக்கும் நம் கடமை.