உள்ளங்கையின் விலை: சுட்டெலி பற்றிச் சில குறிப்புகள்

இதற்கு எலி என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பர்ட்டே பலமுறை இப்படித்தான் சொல்லியிருக்கிறார். 1964-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவருடைய யோசனைக்குப் பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் உருக்கொடுத்தார். அது ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான், மணிக்கட்டுப் பக்கமாக வால் மாதிரி ஒரு வயர். வால் கையில் சிக்குகிறதென்று பிறகு முன்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கடையில் போய் 'கைக்கு வசதியா ஒண்ணு குடுங்க, விலையும் கம்மியா இருக்கட்டும்' என்று கேட்கிறோம். 'வசதி' என்ற இந்தச் சொல் அப்பாவித்தனமானதல்ல. அறுபதுகளின் நடுவில் நாசாவின் பணத்தில் எங்கல்பர்ட் குழு ஓர் ஒப்பீட்டைச் செய்தது. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், எலி, இவற்றோடு மேசைக்கடியில் முழங்காலால் நகர்த்தும் ஒரு கருவி. முழங்காலா என்று சிரிக்க வேண்டாம். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு எலியைவிட முழங்கால் கருவிதான் சுலபமாக வந்தது. பழகியவர்களிடம்தான் எலி ஜெயித்தது. அதாவது கைக்கு இயல்பானது என்று இன்று நாம் நம்புவது பயிற்சியால் இயல்பாக்கப்பட்டது. எங்கல்பர்ட்டுக்கு இதில் கூச்சமே இல்லை. மனிதன் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கட்சி. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் நடத்திக்காட்டிய விளக்கத்தில் வலதுகையில் எலி, இடதுகைக்கு ஐந்து கட்டைகள் கொண்ட இன்னொரு கருவி. இரண்டு கையும் வேலை செய்யும் உடலை அவர் கற்பனை செய்தார். சந்தை எலியை எடுத்துக்கொண்டு இடதுகைக் கருவியைக் குப்பையில் போட்டது.

சந்தைக்கு வந்த கதை விலையின் கதை. ஜெராக்ஸ் பயன்படுத்திய எலி 300 டாலருக்கு மேல், சீக்கிரம் கெட்டும் போனது. 15 டாலருக்குள் வேண்டும் என்று 1980-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதாக வடிவமைப்பாளர் டீன் ஹோவி நினைவுகூர்ந்திருக்கிறார். ஹோவி கடைக்குப் போய் அக்குள் வாசனைத் திரவப் புட்டியையும் வெண்ணெய்க் கிண்ணத்தையும் வாங்கிவந்தார். புட்டியின் உருண்டை எலியின் வயிற்றுக்குள் போனது. அவர்கள் கண்டுகொண்ட ரகசியம் வேறு: கருவி அவ்வளவு துல்லியமாக இருக்கத் தேவையில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கை மிச்சத்தைச் சரிசெய்துவிடும். கருவியில் குறைத்த செலவை உடலின் கணக்கில் எழுதினார்கள் என்றும் சொல்லலாம். 1983-ல் லிசா, 1984-ல் மக்கிண்டாஷ். காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் இருந்தது, 1987-ல் காலாவதியானது. எங்கல்பர்ட்டுக்கு உரிமத்தொகை வரவில்லை.

கைகளைப் பழக்கும் வேலையில் விளையாட்டுக்கும் பங்குண்டு. 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு சாலிடேர் வந்தது, 1992-ல் 3.1-ஓடு கண்ணிவெடி விளையாட்டு. சீட்டை இழுத்துப் போட்டே ஆபீஸ் குமாஸ்தாவின் விரல் இழுத்துவிடும் வித்தையைப் படித்தது. மேனேஜர் வரும்போது ஜன்னலைச் சுருக்கிக்கொண்டவர்கள் தங்களை அறியாமல் பயிற்சி வகுப்பில்தான் இருந்தார்கள்! 1996-ல் குவேக் வந்தபிறகு, இடதுகை விசைப்பலகையில் நடக்க, வலதுகை எலியால் பார்க்க, என்ற முறை பரவியது. 1997-ல் அந்த விளையாட்டின் போட்டியில் ஜெயித்த டென்னிஸ் ஃபாங்குக்கு ஒரு ஃபெராரி கார் பரிசு. எங்கல்பர்ட்டின் இரண்டு கை உடலைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் அறிஞர்களோ அலுவலகங்களோ அல்ல, விளையாட்டுப் பையன்கள். இது போதுமான அளவு பேசப்படவில்லை.

உடனே சந்தை தனிச் சாதி ஒன்றைப் படைத்தது: விளையாட்டுக்கென்றே எலி. 1999-ல் ரேசரின் பூம்ஸ்லாங் 2000 டி.பி.ஐ. என்று அறிவித்துக்கொண்டது. இருபது வருஷத்தில் அந்த எண் 25,000-ஐத் தாண்டியது. ஆனால் கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடிச் சம்பாதிக்கிறவர்களில் பெரும்பாலோர் 400-லிருந்து 800-க்குள் வைத்து ஆடுகிறார்கள். சாயங்காலம் அரைமணி நேரம் ஆடுகிற ஒருத்தருக்கு அந்த எண்ணால் ஆவது ஒன்றுமில்லை. அவர் பார்க்க வேண்டியது தன் கையை. உள்ளங்கையை முழுக்கச் சாய்த்துப் பிடிக்கிறவரா, விரல்நுனியால் நகர்த்துகிறவரா? முதலாமவருக்கு மேடான முதுகு வேண்டும், இரண்டாமவருக்குச் சின்னதும் லேசானதும் போதும். அட்டைப்பெட்டியில் டி.பி.ஐ. பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த நீளக் கைக்கு என்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இடதுகைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். கட்டைவிரலுக்குக் குழிவிட்ட எலிகளில் பெரும்பாலானவை வலதுகையையே மனிதக் கையாக எடுத்துக்கொண்டவை. இருபக்கமும் ஒன்றுபோல உள்ள சாதா எலிதான் பெரும்பாலும் அவர்களுக்கு மிஞ்சுகிறது. பல நேரம் அதுதான் விலையும் குறைவு.

அந்த விலைக்குள் யார்யார் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லாஜிடெக், சீனாவின் சூஜோ நகரத் தொழிற்சாலையில் வாண்டா என்ற வயரில்லா எலியைச் செய்தது. அமெரிக்காவில் அதன் விலை சுமார் 40 டாலர். 2004-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதைப் பிரித்துக் காட்டியது: விநியோகஸ்தர்களுக்கும் கடைகளுக்கும் 15, உதிரிபாகம் தருகிறவர்களுக்கு 14, லாஜிடெக்குக்கு 8. மிச்சம் 3 டாலர் சூஜோவில் நின்றது. கூலி, மின்சாரம், போக்குவரத்து எல்லாம் அந்த மூன்றுக்குள்.