பரண்ல கிடந்த கழுதை

விக்ரோலி கண்ணம்வார் நகர்ல நாங்க இருந்த பழைய பில்டிங் ரீடெவலப்மெண்டுக்குப் போகுது. வீட்டைக் காலி பண்ணும்போது பங்கார்வாலாவுக்குப் போடறதுக்குக் கட்டி வச்ச மூட்டையில ஒரு ஆடியோ கேசட் கண்ணுல பட்டுச்சு. மேல அம்மா கையெழுத்துல 'ரோஜா'. அதுக்குக் கீழ, பேனாவால அடிச்சுவிட்ட எழுத்துல, 'கழுதை'. அது சித்தப்பா கையெழுத்து!

ஒரு சின்னக் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

1988ல எனக்கு 9 வயசு. சித்தப்பா ஒரு ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்தார். இங்கிலாந்துல சிங்க்ளேர் கம்பெனி 1982 ஏப்ரல்ல வெளியிட்ட மெஷின் அது. 1986ல டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ்ங்கற இந்தியக் கம்பெனி உரிமம் வாங்கி, 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்'ங்கற பேர்ல இங்கேயே விக்க ஆரம்பிச்சுது. மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில சொருகணும். டிஸ்க் கிடையாது, டேப் ரெக்கார்டர்தான். நினைவகம் 48 கே.பி. இன்னிக்கு வாட்ஸப்புல வர்ற 'காலை வணக்கம்' படமே அதைவிடப் பெருசு :-)

நாட்டுல கம்ப்யூட்டர் எட்டிப் பார்த்த காலம் அது. பள்ளிக்கூடங்களுக்கு 1984-85ல மத்திய அரசோட 'கிளாஸ்' திட்டத்துல பிபிசி மைக்ரோ வந்துச்சு. எங்க வங்கித் துறையில கம்ப்யூட்டர்னு சொன்னாலே யூனியன்காரங்க கொதிப்பாங்க. அதனால உள்ளே வந்த மெஷினுக்குப் பேரு 'லெட்ஜர் போஸ்டிங் மெஷின்'!

விளையாட்டுக் கேசட் வாங்கலாம்னா எங்க பக்கத்துக் கடையில எதுவும் கிடைக்காது. சித்தப்பா ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில பழைய இங்கிலீஷ் பத்திரிகை வாங்குவார். அதுல புரோகிராமை வரிவரியா அச்சடிச்சிருப்பாங்க, நாமதான் தட்டணும். அதைத் தட்டித் தட்டியே கத்துக்கிட்டு, சொந்தமா எழுதினது 'கழுதை'. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போறப்ப நாம எல்லாரும் ஆடின அதே சீட்டாட்டம்தாங்க. கடைசியில கையில சீட்டு மிஞ்சுறவன் கழுதை.

வீட்டுல எழுதினது ஏன் சீட்டும் புதிருமா இருந்துச்சு? பேசிக் மொழி ரொம்ப மெதுவு. அதுல விமானம் பறக்க விட்டா நொண்டும். சீட்டு அப்படியில்ல, நாம யோசிக்கிற வரைக்கும் அதுபாட்டுக்கு நிக்கும். இன்னொண்ணு, அந்தத் திரையில 8க்கு 8 புள்ளி உள்ள ஒரு கட்டத்துக்கு ரெண்டு கலர்தான் கொடுக்க முடியும். ஓடுற பொம்மைக்கு அது தொல்லை. வெள்ளைச் சீட்டுல சிவப்பு ஆட்டினுக்கு ரெண்டு கலரே தாராளம். அந்த மெஷின்ல நாமளே 21 எழுத்துருவம் வரைஞ்சுக்கலாம். சித்தப்பா கிராஃப் பேப்பர்ல ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் நாலையும் புள்ளி புள்ளியா வரைஞ்சார்.

கஷ்டம் எங்கேன்னா, சீட்டைக் கலைக்கிறதுல. முதல்ல அவர் எழுதினது: ஏதாவது ஒரு சீட்டை எடு, ஏற்கெனவே வந்ததுன்னா மறுபடி எடு. கடைசிச் சீட்டு ஒண்ணு கிடைக்கவே சராசரியா 52 தடவை தேடணும். மொத்தம் 236 தடவைக்குப் பக்கம்! டிவி முன்னால கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருப்போம். அப்புறம் வேற வழி கண்டுபிடிச்சார். கடைசிச் சீட்டை மேல இருக்கிற ஏதாவது ஒண்ணோட இடம் மாத்து, அப்புறம் அதுக்கு முந்தின சீட்டு, இப்படியே. 51 மாத்தல்ல முடிஞ்சுது.

அப்பவும் ஒரு கூத்து. ஒவ்வொரு சாயங்காலமும் முதல் ஆட்டத்துல அக்காவே ஜெயிச்சா. அந்த மெஷின்ல 'ராண்டமைஸ்'னு ஒரு கட்டளை கொடுக்கலைன்னா, ஆன் பண்ணின ஒவ்வொரு தடவையும் அதே வரிசையிலதான் எண்கள் வரும். சீட்டும் அதே வரிசை. அக்கா அதை மனப்பாடம் பண்ணிட்டா! அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் அவளும் எங்களை மாதிரி கழுதை ஆனா.

அடுத்தது, திருவிழாக் கடையில விக்கிற 15 நம்பர் தள்ளுற புதிர். நம்பர்களைச் சீட்டு மாதிரியே கலைச்சார். பாதி நேரம் தலைகீழா நின்னாலும் சேரல. காரணம் பின்னாடி தெரிஞ்சுது: இஷ்டத்துக்கு அடுக்கினா பாதி அமைப்புகளைத் தீர்க்கவே முடியாது. கணக்கு வல்லுநர்கள் 1879லேயே நிரூபிச்ச விஷயம். சரியா அடுக்கினதுல ஆரம்பிச்சு, கட்டங்களைத் தள்ளித் தள்ளியே கலைச்சா பிரச்சினை இல்ல. பி.காம். படிச்ச நான் கணக்குக்குப் பயப்படாம இருந்ததுக்கு இந்தத் தோல்விகள்தான் காரணம்னு நினைக்கிறேன்.

1992ல ரோஜா வந்துச்சு. வீட்டுல புதுக் கேசட் இல்ல. அம்மா அந்தக் கேசட்டுல பாட்டைப் பதிஞ்சுட்டாங்க. சித்தப்பா ஒண்ணும் சொல்லல. 2011ல அவர் தவறிட்டார்.

இப்ப அந்தக் கேசட்டை ஓட விட்டேன். கடைசிப் பாட்டு முடிஞ்சதும் ஒரு 'கீ...ர்ர்ர்' சத்தம்! என் பையன் அதை லேப்டாப்ல பதிஞ்சு, ஸ்பெக்ட்ரம் மாதிரியே இயங்குற எமுலேட்டர்ல போட்டான். விளையாட்டு வரல. தலைப்பகுதி மேலதான் பாட்டு ஏறிடுச்சே. ஆனா அதுக்குப் பின்னால தனியா ஒரு சின்னத் துண்டு இருந்துச்சு, வெறும் 168 பைட். அது ஏறிடுச்சு. திரையில ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட். ஆட்டினோட வலது பக்கம் ஒரு புள்ளி கூடுதலா இருக்கு. சித்தப்பா கிராஃப் பேப்பர்ல போட்ட அதே தப்பு. அக்காவுக்கு அனுப்பினேன். போன்ல ரொம்ப நேரம் பேசவே இல்ல.

நெதர்லாந்துக்காரர் ஒருத்தர் 'வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்'னு 1995லேயே இணையத்துல காப்பகம் ஆரம்பிச்சு, ஆயிரக்கணக்கான விளையாட்டுகளைச் சேர்த்து வச்சுட்டார். நம்ம வீடுகள்ல எழுதினது பரண்லதான் இருக்கு, பூஞ்சை பிடிச்சு. அதனால ஒரு வேண்டுகோள். பழைய கேசட்டைத் தூக்கிப் போடறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் கேளுங்க. பாட்டு முடிஞ்ச பிறகும் கேளுங்க. அந்தக் கீச்சுச் சத்தம் வந்தா, சுருக்காத வேவ் ஃபைலா ஒரு தடவை பதிஞ்சு வச்சுடுங்க. மத்ததைப் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க.

என்ன, பரண் ஏறப் போறீங்களா?