ஆயிரத்தைந்நூறு மணிக் கணக்கு

நம்ம பேட்ச் நண்பர்கள் கூடினால், "பைலட்டுக்கு எத்தனை மணி நேர அனுபவம்?" என்றுதான் கேட்பார்கள். விமான வரலாற்றை ஆசையாய்ப் படிப்பவன் நான். என் பதிலை மலரிலேயே எழுதிவிடுகிறேன்.

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவில் நெவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் 3407 விமானம், தரையிறங்கும் முன் வேகம் குறைந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. 50 பேர் மாண்டனர். கண்ட்ரோல் தண்டு நடுங்கி எச்சரித்தபோது, விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டும். கேப்டனோ தண்டைத் தன் பக்கம் இழுத்தார்!

இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராட, 2010-இல் சட்டம் வந்தது. 250 மணி பறந்திருந்தால் துணை விமானியாகலாம் என்றிருந்த நிலை மாறி, 2013 முதல் 1,500 மணி என்றானது. ராணுவ விமானிக்கு 750, உரிய பட்டப்படிப்பு முடித்தவருக்கு 1,000 எனச் சலுகையும் உண்டு.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. அந்தக் கேப்டன் பறந்தது 3,379 மணி. துணை விமானி 2,244. புதுச் சட்டப்படியும் ரெண்டு பேருமே பாஸ்! வேகம் குறைந்தால் மூக்கைத் தானே கீழே தள்ளும் கருவி அதில் இருந்தது. அது எப்படி வேலை செய்யும் என்று சிமுலேட்டரில் அவர்களுக்குக் காட்டவே இல்லை என்றது விசாரணை. குட்டி விமானத்தில் விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு கடற்கரையைச் சுற்றினாலும் மணி சேரும்தான். அதில் இதைக் கற்க முடியுமா?

குடும்பத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதே 2013-இல் இன்னொரு விதியும் வந்தது: இறக்கை தூக்கும் சக்தியை வெகுவாக இழக்கும் நிலையை சிமுலேட்டரில் பழகியே ஆகணும். நடைமுறைக்கு வர 2019 ஆயிற்று.