கொசுவுக்கும் ஒரு ரகசிய ஃபைல்

பெரும்பாக்கத்தில் சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து கொசுப்படை கிளம்பிவிடும். ஜன்னலை அடித்துச் சாத்துவோம். அந்தக் கொசுவையே வளர்த்து, ஊருக்குள் கொண்டுபோய் விட ஒரு அலுவலகம் இருந்தது என்றால் நம்புவீர்களா?

இருந்தது. டெல்லியில். 1970-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தின. பணம் அமெரிக்காவுடையது. கப்பலில் வந்த கோதுமைக்காக நாம் ரூபாயில் கட்டினோமே, அந்த பி.எல். 480 கணக்கு!

ஐடியா சிம்பிள். ஆண் கொசு கடிக்காது. அதை மலடாக்கி விட்டால், பெண் கொசு இடும் முட்டை பொரியாது. டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் சோதனையும் நடந்தது.

1974-ல் பி.டி.ஐ. செய்தி ஒன்று குண்டு போட்டது. ஏடிஸ் கொசு மீது இவர்களுக்கு ஏன் இத்தனை அக்கறை? அது பரப்புவது மஞ்சள் காய்ச்சல் (காமாலை அல்ல, இது வேறு). அந்த நோய் இந்தியாவிலேயே கிடையாதே! அப்படியானால் கிருமிப் போருக்கு ஒத்திகையா?

‘டெங்குவையும் அதுதானே பரப்புகிறது’ என்று விஞ்ஞானிகள் சொன்னது எடுபடவில்லை. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975-ல் விளாசியது. சோனிபட் நகரில் ஏடிஸ் ஆண்களை விட இருந்த ஏற்பாடு நின்றது. அதே ஆண்டு அலுவலகத்துக்கே மூடுவிழா.

சந்தேகப்பட்டவர்கள் முட்டாள்களா? இல்லை சார். 1955-ல் அமெரிக்க ராணுவம் ‘பிக் பஸ்’ என்று பெயர் வைத்து, தன் சொந்த ஜார்ஜியா மாநிலத்திலேயே லட்சக்கணக்கான ஏடிஸ் கொசுக்களைப் பறக்கவிட்டிருக்கிறது. நோயில்லாத கொசுக்கள்தான். ஆனால் சோதனை போருக்காக!

அதற்காக டெல்லியில் நடந்ததும் அதுவே என்று ஆகிவிடாது. அப்படி ஒரு ஆதாரமும் வெளிவரவில்லை. கேள்வி எழுந்தபோது உடனே, முழுசாகப் பதில் சொல்லாததுதான் வினை. ‘நேச்சர்’ இதழ் 1975-ல் டெல்லியையும் ஜெனீவாவையும் சேர்த்தே குட்டியது.

நஷ்டம் யாருக்கு? இன்று டெங்கு நம் தெருவிலேயே இருக்கிறது. 2022-ல் புதுச்சேரி ஆய்வு மையம், டெங்கு வைரஸ் எளிதில் வளராதபடி வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக அறிவித்தது. அதாவது, மறுபடியும் கொசுவை வைத்தே கொசுவை அடக்கும் யோசனை.

என்றாவது ஒருநாள் அந்தப் பெட்டியோடு உங்கள் வாசலுக்கு ஆள் வந்தால் விரட்டாதீர்கள். உட்காரவைத்துக் கேள்வி கேளுங்கள். வருகிறவரும் ஒளிக்காமல் பதில் சொல்லட்டும். மூடாத தொட்டியில் கொசு முட்டையிடும்; மூடிய ஃபைலில் புரளி முட்டையிடும்!