யாருக்குப் பாத்தியதை?

சேமிப்பு, கடன் பற்றி இந்த மலரில் நிறையப் பேர் எழுதுவாங்க. ஏழைகளுக்காக இன்னொருத்தர் கோர்ட்டு ஏறலாம் என்று ஆன கதையை நான் எழுதுகிறேன்.

வரப்புத் தகராறு என்றால் நிலத்துக்காரர்தான் கேஸ் போடணும். பாதிப்பு யாருக்கோ அவருக்குத்தான் பாத்தியதை. இது வெள்ளைக்காரன் காலத்து விதி. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா பாதிக்கப்பட்டவரே ஜெயிலில் கிடந்தா? வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லாட்டி?

1979-ல் பீகார் ஜெயில்களைப் பற்றிப் பேப்பரில் கட்டுரை வந்தது. விசாரணையே முடியாம வருஷக்கணக்கா அடைபட்டுக் கிடந்தாங்க. குற்றம் நிரூபணமானால் கிடைக்கிற தண்டனைக் காலத்தையும் தாண்டி இருந்தவர்களும் உண்டு. கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல் அதைப் படித்துவிட்டு சுப்ரீம் கோர்ட்டில் மனு போட்டார். அந்தக் கைதிகள் அவருக்கு உறவும் இல்லை, ஃபீஸ் கொடுத்தவங்களும் இல்லை. ஹுசைனாரா காத்தூன் என்ற பெண் கைதியின் பெயரால் அந்த வழக்கு வழங்குது. சீக்கிரம் விசாரிக்கப்படுவது அடிப்படை உரிமை என்று கோர்ட்டு சொன்னது. ஆயிரக்கணக்கானவங்க வெளியே வந்தாங்க.

1981-ல் நீதிபதி பி.என். பகவதி இன்னும் தெளிவாத் தீர்ப்பு எழுதினார். வறுமையாலோ இயலாமையாலோ கோர்ட்டுக்கு வரமுடியாதவருக்காக நல்லெண்ணத்தோட யார் வேணாலும் வரலாம், சங்கமும் வரலாம். கடுதாசி போட்டாலே மனுவா எடுத்துக்கலாம். ஆனா சொந்த லாபத்துக்கும் அரசியலுக்கும் வருகிறவரை விடக்கூடாது என்றும் சொன்னார்.

நம்மைத் தொட்ட வழக்கு அடுத்து வந்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன ஒரு கிராமப் பணியாளரை 1992-ல் சிலர் சேர்ந்து சீரழித்தார்கள். விசாகா என்ற அமைப்பும் மற்ற பெண்கள் அமைப்புகளும் உழைக்கிற எல்லாப் பெண்களுக்காகவும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 1997-ல் கோர்ட்டே நெறிமுறை வகுத்துக் கொடுத்தது. 2013-ல் அது சட்டமாச்சு. 10 பேருக்குக் குறைவான இடத்தில் வேலை பார்க்கிறவங்களும், வீட்டு வேலைக்குப் போறவங்களும் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவில் புகார் கொடுக்கலாம்.

பொதுநல வழக்கை ஹைகோர்ட்டிலோ சுப்ரீம் கோர்ட்டிலோதான் போடமுடியும். சொந்த வழக்கு என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. தாலுகா கோர்ட்டில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவில் கேளுங்க. அடுத்த குழுக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளா வைத்துப் பேசுங்க.